எழுதாத நாளுக்கு அபராதம் எதற்கு?

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர், மனநல ஆலோசகரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறார். கணவருக்குக் கேரளாவில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வந்துபோவார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாமியார் கூடவே இருக்கிறார். கொழுந்தன் குடும்பம் சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில்.

பல வருஷமாகவே தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டு வரி, மூன்று வரி எழுதி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவைப்பார். இந்த ஆனியில், மகளின் பழைய நோட்டுகளில் மிச்சம் கிடந்த தாள்களைச் சேர்த்துத் தைத்து, இனி தினமும் ஒழுங்காக எழுதுவது என்று ஆரம்பித்திருக்கிறார். எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாட்ஸப்பில் வந்த வீடியோ ஒன்றில் பார்த்தாராம். எத்தனையோ தடவை முயன்றும் 21ஐத் தொட முடியவில்லை. ஆடி மாதக் கோயில் கொடைக்கு வீடு நிறைய விருந்தாள் வந்ததில் மூன்று நாள் விட்டுப்போனது. அந்த வெறுப்பில் ஒரு மாதம் நோட்டைத் தொடவே இல்லை. "எழுதாட்டா ஒறக்கம் வரமாட்டேங்கு, எழுத உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு" என்கிறார்.

இதற்கிடையில் கொழுந்தன் மனைவி அரிசி எடுக்க வந்தபோது நோட்டு கையில் கிடைத்திருக்கிறது. கொழுந்தனுக்காக அடகு வைத்த சங்கிலி இரண்டு வருஷமாகத் திரும்பி வராததைப் பற்றி அதில் காரசாரமாக எழுதியிருந்தார். கொழுந்தன் மனைவி அதை மாமியார் முன்னால் சத்தம் போட்டு வாசித்து, "அவதூறுன்னு போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவர் போனில் ஏசியிருக்கிறார்: "எழுதி என்னத்தக் கண்ட? எரிச்சிப் போடு. பீடியும் நூறு கொறஞ்சிட்டு." போதாக்குறைக்கு, இரவில் வலது கை மரத்துப்போகிறது. அம்மா இறந்ததைப் பற்றி எழுதிய இரவு முழுக்கத் தூங்கவில்லை. நோட்டை எரித்துவிடலாமா, போலீஸ் வருமா, மனதில் உறுதி இல்லாததால்தான் தினமும் எழுத முடியவில்லையா, எழுத்துப் பிழையோடு எழுதுகிற தனக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், நோட்டை எரிக்காதீர்கள். என்றாவது ஒரு நாள் அது வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் கோபத்தில் சொன்னதற்காக, நீங்கள் பயந்திருக்கிற நேரத்தில் எரித்தால், அந்தப் பக்கங்களோடு எழுத வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து போய்விடும். இப்போதைக்குப் பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் கை வேறு, சங்கிலி வேறு, எழுத்து வேறு.

21 நாளும் நாலு பக்கப் பாக்கியும்

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "நேத்து எழுதாததையும் சேத்து இன்னைக்கு எழுதணும், நாலு பக்கம் பாக்கி நிக்கி" என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாலு பக்கத்தை யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறீர்கள்?

பீடிக்கடையில் கணக்கு அப்படித்தான். இவ்வளவு இலை, இவ்வளவு தூள், அதற்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும். இன்று குறைந்தால் நாளை சேர்த்துப் போட வேண்டும். சுற்றியதிலும் நல்லது போக மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து இந்தக் கணக்கில் உட்கார்ந்தவர் நீங்கள். எழுத உட்காரும்போதும் அதே கணக்கை உங்களை அறியாமல் போட்டுக்கொள்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், விட்டால் பாக்கி, நன்றாக வராத பக்கம் கழிவு. கடையில் நாள் முழுக்கக் கணக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கே உங்களுக்கென்று எடுத்துக்கொண்ட நேரத்திலும் கணக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், எழுத்து எப்படி வரும்? உறுதி இல்லாதவர் தினமும் அத்தனை பீடி சுற்றிவிட்டு அப்புறம் நோட்டை எடுக்க மாட்டார். உங்கள் உறுதியில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

அந்த 21 நாள் விஷயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய் மாறி வாய் மாறி, 'குறைந்தது' என்பது உதிர்ந்துபோய், எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்று ஆகிவிட்டது. முகம் பழகுவதற்குச் சொன்னதை எழுதுவதற்கும் ஓடுவதற்கும் எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை ஒழுங்காக அளந்து பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். 96 பேர். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு, 12 வாரப் போக்கை வைத்துக் கணித்ததில், 254 நாள் என்று பெரிய வித்தியாசம். உங்களுக்கு முக்கியமான சேதி வேறு ஒன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க கெடுதல் எதுவும் ஏற்படவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்கு, விட்ட இடத்திலிருந்துதான் கணக்கு ஓடியது, முதலிலிருந்து அல்ல.

ஆகவே கொடைக்கு மூன்று நாள் விட்டதால் எதுவும் கெட்டுவிடவில்லை. விருந்தாள் வந்த வீட்டில், குடியழைப்பும் பொங்கலும் சாமியாட்டமுமாக இருக்கிறபோது எழுதாமல் இருப்பதுதான் இயல்பு. கெடுத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம். அந்த மாதத்தை உண்டாக்கியது 'எல்லாம் போச்சு' என்ற நினைப்பு. ஆலோசனைக்கு வருகிற பலரிடம், டயட் இருக்கிறவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள், குடியை விட முயல்கிறவர்கள் என்று எல்லாரிடமும், இந்த நினைப்பைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு சறுக்கலை விட, அதற்கு நாமே போட்டுக்கொள்கிற அபராதம்தான் ஆளைச் சாய்க்கிறது.

நான் சொல்வது சின்ன மாற்றம். நோட்டை விட்டு, மறுபடியும் காலண்டர் தாளுக்கு வாருங்கள். உங்களிடம் பல வருஷமாக இயல்பாக நடந்துவந்த பழக்கம் அது. வீடியோ பார்த்துவிட்டு அதை ஒழுங்காக்கப் போனதில்தான் தடுமாற்றம் வந்திருக்கிறது. தாள் சின்னது, நாலைந்து வரிக்கு மேல் இடம் இல்லை. தேதி அச்சடித்தே இருக்கிறது. எழுதினால் அன்றைய தாள் இருக்கும், எழுதாவிட்டால் இருக்காது. பாக்கி என்று எதுவும் நிற்காது. மனதில் நிறைய இருக்கிற இரவில் நோட்டை எடுத்துக்கொள்ளலாம், அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

நேரத்தையும் மணியாக வைக்காதீர்கள். பத்து மணி என்று வைத்தால், மகளுக்கு டியூஷன் முடிய நேரமாகிற அன்று, கரண்ட் போன அன்று, அத்தைக்கு இருமல் வந்த அன்று அது தவறிப்போகும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே எடுத்துச்சொன்ன வழி ஒன்று உண்டு: 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று ஒரு வேலையோடு இன்னொன்றை இணைப்பது. உங்களுக்கு அப்படி ஒரு வேலை தினமும் இருக்கிறது. கடைசிக் கட்டைக் கட்டி வைத்து, மடியில் விழுந்த தூளைத் தட்டி, சுளவை, அதாவது பீடி சுற்றுகிற முறத்தை, சுவரில் சாய்க்கிறீர்கள் அல்லவா? அது எத்தனை மணியானாலும் நடந்தே தீரும். சுளவைச் சாய்த்ததும் பேனா. காலண்டர் தாளைச் சுளவில் கிளிப் போட்டு வைத்துவிட்டால் தேடவும் வேண்டாம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், யாரும் கேட்காமலே, பக்கத்து வீட்டு ஆச்சி இலை வெட்டுகிற விதத்தை எழுதியிருக்கிறீர்கள். அளவுத் தகரத்தை இலை நரம்பு பார்த்துச் சாய்த்து வைப்பதையும், கத்திரியில் விரல் நுழைகிற இடத்தில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருப்பதையும், அந்தத் துணி தூள் ஏறிக் கறுத்துப் போயிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது அந்த ஆச்சியின் கையை நான் பார்த்தேன். தினமும் அப்படி ஒன்று போதும். அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒரே ஒரு பொருள், அல்லது காதில் விழுந்த ஒரே ஒரு பேச்சு. பெரிய விஷயம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குறைந்துபோன நூறு பீடி

கணவர் சொன்னதை நீங்களும் நம்பிவிட்டீர்கள், எழுதுவதால்தான் பீடி குறைகிறது என்று. உங்கள் கடிதத்தை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கை மரத்துப்போக ஆரம்பித்தது பங்குனியில். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தது ஆனியில். ஆடிக்குப் பிறகு ஒரு மாதம் எழுதவே இல்லை. அந்த மாதமும் பீடி கூடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் போக, அன்றைய கட்டெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் எழுதவே உட்காருகிறீர்கள். எனவே குறைவு கையில் இருக்கிறது.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கிறது, சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது, ராத்திரி எழுந்து கையை உதறினால் கொஞ்சம் சரியாகிறது என்கிறீர்கள். மணிக்கட்டு வழியாகப் போகிற நரம்பு அழுத்தப்படும்போது இப்படித்தான் இருக்கும். ஒரே மாதிரி அசைவை நாள் முழுக்கச் செய்கிறவர்களுக்கு அதிகம் வருகிறது. சர்க்கரை, தைராய்டு கோளாறு இருந்தாலும் வரும். நான் மனநல ஆலோசகர், இது என்ன என்று உறுதி சொல்ல வேண்டியவர் மருத்துவர். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. உங்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். இரவில் மணிக்கட்டை மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்று உண்டு. ஆரம்பத்திலேயே போனால் பலருக்கு அதுவே நல்ல குணம் தருகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். பாத்திரம் கையிலிருந்து நழுவுகிறது, பெருவிரலின் அடிச் சதை மெலிகிறது என்றால் நாள் தள்ளக் கூடாது. 'சடவுதான், சரியாயிரும்' என்று பெண்கள் கையைப் பல வருஷம் இழுத்தடிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆதங்கம் உண்டு. இந்தக் கைதான் உங்கள் சம்பளம்.

மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதுவதும் வலியைக் கூட்டும். ஆச்சி கத்திரிக்குச் செய்ததைப் பேனாவுக்குச் செய்யுங்கள், துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். கை ரொம்ப வலிக்கிற நாளில் போனில் பேசிப் பதிந்தாலும் அது எழுத்தில்தான் சேர்த்தி. ஆனால் உங்கள் போனைப் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நோட்டு, சங்கிலி, போலீஸ்

அவதூறு வழக்கு என்று கேட்டதும் நடுங்கிவிட்டீர்கள். அவதூறு என்பது, ஒருவரின் பெயரைக் கெடுக்கும் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது அல்லது வெளியிடுவது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நீங்கள் எழுதி, யாருக்கும் காட்டாமல், அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். அதை எடுத்து இன்னொருவர் காதில் விழும்படி வாசித்தது நீங்கள் இல்லை. போலீஸ் நேராகப் பதிவு செய்து கைது செய்கிற விவகாரமும் இது இல்லை. புகார் சொல்கிறவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது நோட்டீஸ் வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

சட்டம் இப்படி உங்கள் பக்கம் இருப்பதால் கொழுந்தன் மனைவிக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. தன்னைப் பற்றி இன்னொருவர் கையெழுத்தில் காட்டமாக வாசிப்பது யாருக்கும் கஷ்டம்தான். நீங்கள் எழுதியது தவறு என்று மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. வாசித்ததில் அவருக்கு ஏற்பட்ட வருத்தத்தை ஒத்துக்கொள்ளலாம். "நீ படிச்சது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அன்னைக்கு இருந்த சூட்டுல எழுதுனது, யாருக்கும் காட்டணும்னு எழுதல. சங்கிலி விஷயத்த நேர்லயே பேசிக்கிடுவோம்" என்று, அத்தை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, சுருக்கமாகச் சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு அவர் ஏசினாலும் நீட்ட வேண்டாம்.

நோட்டுச் சண்டையில் சங்கிலியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு வருஷம் ஆகிறது. அடகுச் சீட்டு யார் கையில் இருக்கிறது? வட்டி கட்டியிருக்கிறார்களா? வட்டி நின்று தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகலாம். சீட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். தராவிட்டால் கணவர் மூலம் கேளுங்கள், அண்ணன் தம்பிக்குள் பேசுவது எளிது. நோட்டில் எழுதியதற்கு இது ஒரு பலன் என்றே சொல்வேன். வெளியே சொல்ல முடியாமல் இருந்த ஒன்று, சொல்லக்கூடாத விதத்தில் என்றாலும், வெளியே வந்துவிட்டது.

கணவரைப் பற்றியும் கொஞ்சம். அவர் ஏசியதில் உங்களுக்கு மனசு விட்டுப்போயிற்று, அது நியாயம்தான். ஆனால் அவர் பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். தூரத்தில், வேலை முடிந்து களைத்த நேரத்தில், வீட்டில் சண்டை, தம்பி குடும்பத்தைப் பற்றிப் பெண்டாட்டி எழுதிவைத்திருக்கிறாள், பீடி குறைந்துவிட்டது என்று மூன்றும் சேர்ந்து போனில் வந்திருக்கிறது. அதில் எதையும் அவரால் அங்கிருந்து சரிசெய்ய முடியாது. நோட்டை எரி என்பது மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது, வந்த அன்றே வேண்டாம், மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள். "நீங்க எரிக்கச் சொன்னது எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. நாள் முழுக்க ஒழைச்சிட்டு எனக்குன்னு வச்சிக்கிடுத நேரம் அது ஒண்ணுதான். பீடி கொறஞ்சது கையால, ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று சொல்லலாம். பீடிக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள். நோட்டைக் காட்ட வேண்டியதில்லை. 'புருஷனுக்குத் தெரியாம ஒண்ணு வச்சிருக்கது தப்புதானே' என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எழுதுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும், அது போதும். உள்ளே என்ன எழுதுகிறீர்கள் என்பது மனதுக்குள் நினைப்பது மாதிரி உங்களுடையது. ஏசுவது மாறி அடி, மிரட்டல் என்று எப்போதாவது போனால் அது வேறு விஷயம். அப்போது 181க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மகள் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். அவளுடைய நோட்டுத் தாளில் எழுதுகிறீர்கள், அவளுக்கும் வாசிக்க ஆசை இருக்கும். அவளுக்கென்று சில தாள்களைத் தனியே எழுதி நீங்களே கொடுங்கள். ஆச்சி இலை வெட்டுகிற தாளை அவளுக்குக் கொடுக்கலாம். சங்கிலிச் சண்டை அவள் சுமக்க வேண்டியதில்லை.

அம்மாவைப் பற்றி எழுதிய இரவு

அம்மா இறந்ததைப் பற்றி எழுதிவிட்டு விடிய விடிய அழுதுகொண்டிருந்தேன், எழுதுவது உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தங்கள் வாழ்க்கையின் பெரிய துயரத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு முன்னைவிடக் கவலையாகத்தான் இருந்தார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. அதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஆகவே அந்த இரவு அழுதது நோய் இல்லை. எழுத்து உங்களைக் கெடுக்கவும் இல்லை.

ஆனாலும் சிலதைக் கவனியுங்கள். அம்மாவைப் பற்றியதைப் படுக்கப் போகும் நேரத்தில் எழுத வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பகலில் எழுதுங்கள், எழுதி முடித்ததும் எழுந்து செய்ய ஒரு வேலை இருக்கட்டும். எழுத எழுத ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது நினைவுக்கு வந்தால் நல்லது. அதே நாலு வரி, 'நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா' என்று மட்டும் சுற்றிச் சுற்றி வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, இருந்து என்ன என்று தோன்றினாலோ 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எழுதாவிட்டால் தூக்கம் வரமாட்டேங்குது என்பதற்கு நான் பயப்பட மாட்டேன். நாள் முழுக்க வாய்க்கு வராமல் உள்ளே கிடந்தது ராத்திரி வெளியே வரத் தேடுகிறது. நாலு வரி போதும் அதற்கு.

பிழையோடு எழுதலாமா?

ற, ர மாறுகிறது, ண, ன மாறுகிறது என்று வெட்கப்படுகிறீர்கள். நீங்கள் உங்களுக்காக எழுதுகிறவரை அதற்கு யாரும் மார்க் போடப் போவதில்லை. பேசுகிற மாதிரியே எழுதுங்கள். திருத்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உங்கள் மகளே திருத்தித் தருவாள். நம் பக்கத்து மண்ணில் இதற்கு முன்னால் போனவர்கள் உண்டு. இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடித்தவர் இல்லை, எழுத வந்ததே முப்பது வயதைத் தாண்டித்தான். ஊர்ப் பேச்சைத் தயங்காமல் எழுத்தில் கொண்டுவந்ததோடு, கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். திருநெல்வேலிக்காரரான வண்ணதாசன் வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் எழுத்து வரும் என்ற உங்கள் எண்ணத்துக்காக இதைச் சொல்கிறேன். அவர்களைப் போல ஆக வேண்டும் என்று இன்னொரு இலக்கை உங்கள் தலையில் ஏற்றுவதற்காக அல்ல.

பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருந்தீர்கள். அனுப்பலாம், அவசரம் இல்லை. தாள்கள் கொஞ்சம் சேரட்டும். அனுப்புகிறபோது ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொந்தமாக எழுதியதன் உரிமை எழுதிய கணமே உங்களுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. அச்சில் வந்தால் அது வெளியீடு, அப்போது நோட்டுக்குச் சொன்ன பாதுகாப்பு பொருந்தாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நம் ஊர்களில் அடுத்த வீடு, அடகு வைத்த சங்கிலி என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். உறவையும் சம்பவத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், அல்லது அந்தப் பக்கத்தை அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அனுப்புவதற்கு ஆச்சியின் கத்திரியைப் பற்றிய தாளை எடுங்கள். அதற்கு முன்னால் ஆச்சியிடம் வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அவருடைய கை அது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஆஸ்பத்திரியும் அடகுச் சீட்டும். கையைக் காட்டிய பிறகு மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.